டயர் உருள வேண்டும், உரசக் கூடாது: புதிதாகக் கார் வைத்திருப்போருக்கு

1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் தரையைத் தொடும் இடங்கள் நான்குதான். ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கை அளவு. அந்த நான்கு உள்ளங்கைகளும் தரையில் சமமாகப் பதிந்து உருண்டால் டயர் மெல்லத் தேயும். ஓரமாக அழுந்தினாலும், உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டாலும் ரப்பர் விரைவாகக் கரைந்துவிடும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

ஒழுங்காகக் கவனித்தால் சாதாரணக் கார் டயர் 40,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். கவனிக்காவிட்டால் அதே டயர் 20,000 கிலோமீட்டரிலேயே ஒரு ஓரம் வழித்தெடுத்ததுபோல் ஆகிவிடும். மீதி முக்கால் பாகம் நன்றாக இருந்தும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

முதலில் காற்று

உங்கள் காருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் அந்த டயர் தாங்கக்கூடிய எல்லை. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

பெரும்பாலான கார்களுக்கு 220 முதல் 250 கிலோபாஸ்கல் வரை, அதாவது 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம். ஓரிருவர் மட்டும் போகும்போது ஓர் அளவு, காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் இன்னோர் அளவு என்றும் ஸ்டிக்கரில் பிரித்துப் போட்டிருப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் பெட்ரோல் நிலையங்களில் உள்ள காற்றுக் கருவிகள் கிலோபாஸ்கல், பிஎஸ்ஐ, பார் என்று வெவ்வேறு அலகுகளில் காட்டும். 100 கிலோபாஸ்கல் என்றால் 1 பார், அல்லது 14.5 பிஎஸ்ஐ. பொத்தானைத் தொடுமுன் திரையில் எந்த அலகு இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. குளிர்ந்த டயர் என்றால் கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வீட்டுக்கு மிக அருகில் உள்ள நிலையத்துக்கே போங்கள். தீவு விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து அளந்தால் 20 முதல் 30 கிலோபாஸ்கல் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைகாற்றில் நிற்கும். சூடாக இருக்கும்போதுதான் அடிக்க முடியும் என்றால், ஸ்டிக்கர் அளவைவிட 30 கிலோபாஸ்கல் கூட்டி அடித்துவிட்டு, அடுத்த நாள் குளிர்ந்தபின் சரிபாருங்கள்.

வெயிலும் கணக்கில் வரும். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் கூடும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் மதியம் நின்ற காரின் வெயில் பட்ட பக்கம் ஓர் அளவும் நிழல் பக்கம் வேறு அளவும் காட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டையும் சமமாக்கப் போகாமல், காலையில் அளந்து பாருங்கள்.

அடிக்கும் முறை:

1. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். தரையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும்.
2. கருவியில் வேண்டிய அளவை வையுங்கள். குழாயின் வாயை வால்வின் மேல் நேராக அழுத்துங்கள். சாய்ந்திருந்தால் ‘உஸ்’ என்று காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், எண்ணும் தவறாக வரும்.
3. ஒலி எழுப்பி நின்றபின் எடுத்துவிட்டு, இன்னொரு முறை பொருத்தி அளவை உறுதிசெய்யுங்கள்.
4. வால்வு நுனியில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழ் வந்தால் உள்ளே உள்ள ஊசி தளர்ந்திருக்கிறது. பட்டறையில் அதை முடுக்கவோ மாற்றவோ இரண்டு நிமிடம் போதும்.
5. மூடியைத் திரும்பப் போடுங்கள். தூசியும் மழைநீரும் வால்வுக்குள் போகாமல் காப்பது அந்தச் சின்ன மூடிதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். எந்தக் குறையும் இல்லாத டயரிலிருந்தே மாதத்துக்கு 7 முதல் 14 கிலோபாஸ்கல் வரை காற்று கசியும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் ஆணியோ, வால்வோ, ரிம்மின் ஓரத்தில் அரிப்போ இருக்கும். மீண்டும் மீண்டும் அடித்துச் சமாளிப்பது தீர்வாகாது.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கும். எடை முழுவதும் இரண்டு ஓரங்களில் போய் விழும், நடுப்பகுதி தரையை அரைகுறையாகத் தொடும். ஓரங்கள் தேய்வது வெளியே தெரியும் சேதம். உள்ளே நார்கள் சூட்டில் வலுவிழப்பது கண்ணுக்குத் தெரியாது, டயர் வெடிப்பது அதனால்தான். காற்று மிகுந்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். இரண்டில் குறைகாற்றுதான் கொடியது.

டாஷ்போர்டில் டயர் விளக்கு இருக்கிறதே என்று சிலர் காற்றை அளப்பதே இல்லை. அந்த விளக்கு பொதுவாக அழுத்தம் கால்வாசி குறைந்தபின்தான் எரியும். 230 கிலோபாஸ்கல் வேண்டிய டயர் 180-க்கு இறங்கியிருந்தாலும் அது எரியாமல் இருக்கலாம். அதுவரை பல ஆயிரம் கிலோமீட்டர் ஓரங்கள் தேய்ந்திருக்கும். சில கார்களில் சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் இந்தக் கருவி வேலை செய்கிறது. அப்படிப்பட்ட காரில் காற்று அடித்தபின் மெனுவில் போய் அதை மீட்டமைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அளவையே சரி என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காக அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

காரின் பின்பக்கப் பெட்டியில் மாற்று டயர் இருந்தால் அதையும் அளக்க வேண்டும். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்கு வழக்கமாக 420 கிலோபாஸ்கல் வேண்டும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. மாற்று டயருக்குப் பதிலாக அடைப்புத் திரவம் கொடுத்திருந்தால் அந்தப் புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

டயரைப் படிக்கப் பழகுங்கள்

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மலிவான ஆழம் பார்க்கும் கேஜ் ஒன்று போதும். கார் மெதுவாக நகரும்போதே ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தினால் முன் டயரின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியும். அதுதான் முக்கியம். வெளி ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போகிறவர்களின் காரில்தான், உள் ஓரத்தில் கம்பி தெரியுமளவு தேய்ந்திருக்கும்.

ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, ஓடோமீட்டர் எண்ணோடு கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். புது டயரில் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். சிங்கப்பூர்ச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். சுற்றியுள்ள ரப்பர் அந்த மேட்டின் உயரத்துக்கு இறங்கிவிட்டால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். பட்டறையில் ‘போத்தாக்’, அதாவது மொட்டை, என்று கை விரித்துவிடுவார்கள்.

தேய்மானத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் நிற்கும் கோணம் தவறு. உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்போலவும் இருந்தால் சக்கரம் நேராகப் போகாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஓடும்போது ‘வூம் வூம்’ என்ற ஒலியும் சுற்றிலும் இடைவெளி விட்டு மேடு பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது சக்கரத்தின் எடைச் சமநிலை, அதாவது பேலன்சிங், போயிருக்கலாம். சக்கரம் சுழலத் தாங்கும் பேரிங் கெட்டால் வரும் ஒலிக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆகவே பேரிங்கை மாற்றச் சொன்னால் முதலில் டயரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மெண்ட்: பணம் மிச்சப்படும் இடம்

சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வதுதான் அலைன்மெண்ட். அதில் மூன்று கோணங்கள் பார்க்கிறார்கள். டயரைத் தின்பது முக்கியமாக டோ. மேலிருந்து பார்த்தால் இரண்டு கால் விரல்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பதுபோல் சக்கரங்கள் நிற்பதுதான் அது.

ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் கிட்டத்தட்ட 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். 10,000 கிலோமீட்டர் ஓடினால் 87 கிலோமீட்டர் உரசல். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருக்கும் தொலைவைவிட அதிகம். காற்றை எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

எப்போது செய்ய வேண்டும்? சாலையோரக் கல்லில் பலமாக மோதியபின், சஸ்பென்ஷன் அல்லது ஸ்டீயரிங் பாகம் எதையாவது மாற்றியபின், புது டயர் போடும்போது. இவை எதுவும் நடக்காவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சாய்ந்திருந்தாலும், சமமான சாலையில் கையை லேசாகத் தளர்த்தினால் கார் ஒரு பக்கம் போனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் உள்ள பட்டறைகளில் கணினி அலைன்மெண்ட் எளிதாகக் கிடைக்கும். போகும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, தொடங்குமுன் நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளான டை ராட் முனை, பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்த பாகத்தின் மேல் கோணம் வைத்தால் அடுத்த சாலை மேட்டிலேயே அது மாறிவிடும், கொடுத்த காசு வீண். மூன்று, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாள். பின்சக்கரங்களின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து அனுப்புவது பாதி வேலை.

பேலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு. மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங். ரிம்மில் ஒட்டிய ஈயக்கட்டி விழுந்திருக்கலாம். கார் ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மெண்டைப் பாருங்கள். டயர்களை இடம் மாற்றியபின் இழுக்கும் பக்கமும் மாறினால் குறை டயரிலேயே இருக்கிறது.

இடம் மாற்றுதல்

முன்சக்கர இயக்கமுள்ள காரில் முன் டயர்கள் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்கவும் வேண்டும். அதனால் பின் டயரைவிடப் பலமடங்கு உழைக்கின்றன. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும். எஞ்சின் ஆயில் மாற்றும்போதே செய்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

முன்சக்கர இயக்கக் காரில் முன்னால் இருப்பவை அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும். பின்னால் இருப்பவை குறுக்காக மாறி முன்னால் வரும். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் மாற்றலாம். முன்னும் பின்னும் வேறு அகலம் என்றால் அந்த மாற்றமும் கிடையாது.

நட்டுகளை நட்சத்திர வடிவில் எதிரெதிராக முடுக்க வேண்டும். இறுதி முறுக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் வர வேண்டும். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் இருக்கும், சரியான எண் காரின் கையேட்டில் உள்ளது. காற்றுத் துப்பாக்கியால் முடிந்தவரை இறுக்கிவிட்டால் போல்ட் நீண்டுவிடும், பிரேக் டிஸ்க்கும் கோணலாகலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்க்கவும். இடம் மாறிய டயர்களில் காற்றையும் முன் பின் அளவுக்கு ஏற்ப மாற்ற மறக்காதீர்கள்.

வாகன நிறுத்துமிடத்தில் தேயும் ரப்பர்

இந்த ஊரில் நிறுத்துமிடத்தில் ஊர்ந்து போவதும் டயரைத் தேய்க்கிறது. கார் அசையாமல் நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால், அந்த உள்ளங்கை அளவு ரப்பர் கான்கிரீட்டின் மேல் ஒரே இடத்தில் அரைபடும். கார் ஒரு சாண் நகரத் தொடங்கியபின் திருப்புங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கே முன் டயர்கள் நன்றி சொல்லும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பல மாடி நிறுத்துமிடங்களின் வளைந்த ஏற்றப்பாதையில் நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போனால் போதும். உள்பக்கச் சுவரை ஒட்டிப் போகாதீர்கள், ஓரக்கல் டயரின் பக்கச்சுவரை உரசும். பின்னால் வந்து நிறுத்தும்போது தடுப்புக் கட்டையில் டயர் முட்டியதும் சற்று முன்னே விட்டு நிறுத்துங்கள். இரவு முழுக்க அழுந்தி நிற்க வேண்டாம்.

சாலையோரக் கல் இன்னும் மோசம். தேக்கா பக்கம் டன்லப் ஸ்திரீட், கெர்பாவ் ரோடு போன்ற குறுகிய தெருக்களில் அவசரமாக ஒதுக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் பக்கச்சுவர் நசுங்கும். உள்ளே நார் அறுந்தால் சில நாளில் முட்டைபோல் ஒரு வீக்கம் வரும். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. அந்த டயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், விரைவுச்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

சாலை மேட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சக்கரம் மேட்டில் ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்பக்கம் அமிழ்ந்திருக்கும், அடி முழுவதும் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் இவை அனைத்தையும் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். பேட்டரியால் எடை அதிகம், மிதித்தவுடன் முழு இழுவிசையும் சக்கரத்துக்கு வந்துவிடும். பச்சை விளக்கு விழுந்ததும் மெதுவாக மிதிப்பதே பெரிய மிச்சம். மாற்றும்போது பழைய டயரில் இருந்த எடைக் குறியீட்டுக்குக் குறைவானதைப் போடக் கூடாது. 205/55 ஆர் 16 91 வி என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும்.

பாலத்தைத் தாண்டும் முன்

உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளைக் கடந்து மலேசியாவுக்குப் போகும் சிங்கப்பூர்க் கார்களில் முக்கால் தொட்டி எரிபொருள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக எப்படியும் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறீர்கள். அதே நிறுத்தத்தில் காற்றையும் அடித்துவிடுங்கள். குடும்பத்தோடு பத்துமலைக்கோ பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ போகிறீர்கள் என்றால் ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமை அளவை வையுங்கள். இங்கே விரைவுச்சாலையில் அதிகபட்சம் 90 கிலோமீட்டர், மலேசிய நெடுஞ்சாலையில் 110. அந்த வேகத்தில், அந்தச் சுமையில், குறைகாற்று டயர் மூன்று மணி நேரம் தொடர்ந்து சூடாகும். திரும்பி வந்தபின் சாதாரண அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஆணி குத்தினால்

டயர் மெதுவாகக் காற்றை இழக்கிறது, ஆணி தெரிகிறது என்றால் அங்கேயே பிடுங்காதீர்கள். பல நேரம் அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பி, மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். காற்றே இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிம் பக்கச்சுவரை உள்ளிருந்து அரைத்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கொட்டியிருந்தால் அந்த டயர் முடிந்தது.

ஓட்டை தரையில் படும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே அடைக்கலாம். ஓரத்திலும் பக்கச்சுவரிலும் அடைக்கக் கூடாது. வெளியிலிருந்து செருகும் ரப்பர் திரி அவசரத்துக்குச் சரி. டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவப் பிளக்கால் ஓட்டையையும் உட்பரப்பையும் சேர்த்து மூடுவதுதான் நிலையான முறை.

எப்போது விடை கொடுப்பது

சட்டம் 1.6 மில்லிமீட்டர் என்கிறது. மழை இப்படிப் பெய்யும் ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் தயாராகுங்கள். பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறையக் குறைய டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைந்துகொண்டே வரும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளந்து பார்ப்பது நல்ல வழக்கம். டயரின் ஆயுளை நீட்டுவது பற்றித்தான் பேசுகிறோம், ஆனாலும் கடைசி ஒரு மில்லிமீட்டரை மழையில் கறப்பது தகாது.

வயதும் உண்டு. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு ஆன டயரைத் தேய்மானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் பட்டறையில் காட்டுங்கள். பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது. குறைவாக ஓடி, திறந்த வெயிலில் நிற்கும் கார்களில் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் வருவது வழக்கம். எண்ணெய்ப் பசையுள்ள பளபளப்புப் பூச்சுகளைத் தவிர்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஜொகூர் பாருவில் டயர் வாங்குவோரும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும். ஈரச் சாலையில் பின்பக்கம் பிடிப்பு இழந்தால் கார் சுழன்றுவிடும், அதைத் திருத்துவது அரிது. ரப்பர் வால்வுகளையும் டயரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புது டயரின் மேற்பரப்பில் அச்சுப் பூச்சு இருக்கும், அது போகும்வரை முதல் 200 கிலோமீட்டர் திடீர் பிரேக்கும் வேகத் திருப்பமும் வேண்டாம். அன்றே ஓடோமீட்டர் எண்ணையும் நான்கு டயரின் ஆழத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அளக்கும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டும்.